வாழைக்கு எதிராக ஒரு மனு

பொட்டாசியம் என்ற சொல்லைப் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் குடியிருந்தவர்களில் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னவன் நானாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சத்தை ஒரு வீட்டுச் சாப்பாட்டிலிருந்து அடியோடு விரட்டியவனும் நான்தான். விரட்டியது முதலில் நடந்தது. பெயரைத் தெரிந்துகொண்டது பிறகு. என் படிப்பு பெரும்பாலும் இந்த வரிசைப்படிதான் நடந்திருக்கிறது.

அப்போது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. ரயில்வே ஆபீசில் கடிதப் பிரிவுக் கிராணி. துரைமார் சொல்வதை நல்ல இங்கிலீஷில் எழுதி, 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை முடிப்பது வேலை. ஆபீசில் நாற்பது தடவை பணிந்தவன் வீட்டுக்கு வந்தால் யாரையாவது பணியவைக்க வேண்டாமா? வீட்டில் இருந்தது மனைவி ஒருத்திதான்.

எங்கள் பேட்டையில் ஒரு வாசகசாலை இருந்தது. அதில் நான் 'நாகரிக உணவு' என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவு செய்தேன். என் கொள்கை எளிமையானது. வெள்ளையாக இருப்பது சுத்தம், சுத்தமாக இருப்பது சத்து. அரிசி தீட்டித் தீட்டி முத்துப்போல் இருக்க வேண்டும். புழுங்கலரிசியில் தோட்டத்து வாடை அடிக்கிறது. காலையில் வெள்ளை ரொட்டி. பால், டின்னில் வருவது. கீரை ஆட்டுக்கு ஆண்டவன் கொடுத்தது. வாழைப்பழம் கம்பத்துக் கிராம வீடுகளின் வேலியோரம் கேட்பாரற்று வளர்வது, அதை மேசையில் வைத்தால் விருந்தாளி என்ன நினைப்பான்? காய்கறி சாப்பிடலாம், ஆனால் சீமைக் குடும்பப் புத்தகம் ஒன்று சொன்னபடி நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில்தான் காயின் அழுக்கெல்லாம் இறங்கியிருக்கிறது.

கைதட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் முருங்கைக்கீரைப் பொரியலோடு சாப்பிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. சொற்பொழிவை நம்பி வீட்டில் நடத்தியவன், அதைச் செய்தவன் மட்டுமே.

என் மனைவி கிள்ளான்காரி. மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். கொல்லையில் இரண்டு முருங்கையும் ஒரு வாழைக்கூட்டமும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று கேட்டாள்:

"ஏங்க, இதுல ஒரு ரசமாச்சும் வைக்கட்டுமா? இவ்வளவு வாசமா இருக்கே."

"அது கழிவுத் தண்ணீர். கொட்டு."

"எங்க வீட்ல இதைத்தான் சோத்துல ஊத்திப் பெசைவோம்."

"உங்கள் வீட்டில் என்னென்னவோ செய்வீர்கள்."

கொட்டினாள். பின்பக்கம் போன சாக்கடை அடுத்த மூன்று வருஷமும் எங்கள் இருவரையும்விட நன்றாகச் சாப்பிட்டது.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நம் வீடுகளில் எப்போதாவது, நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை, விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டல்லவா? அந்த வழக்கத்தை நான் சீர்திருத்தினேன். எப்போதாவது என்பது ஒழுங்கில்லாத பழக்கம். ஆகவே வாரந்தோறும் சனிக்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பேதியுப்பு. எனக்குத் தொந்திக்கு நல்லது என்று பட்டது. மனைவிக்கு எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடை, அதற்கு அப்பால் தண்டவாள வேலைக்காரர்களின் லயம். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு அம்மாள் இருந்தார். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, தண்டவாளக் கூலி ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். சாக்கடை ஓரத்தில் யாருக்கும் சொந்தமில்லாத பத்தடி மண்ணில் வாழை வைத்து, ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றி, தரையெல்லாம் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிட்டிருந்தார். வாய் கொஞ்சம் நீளம். ஒரு சனிக்கிழமை பொதுக்குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டு, நான் சன்னலுக்குப் பின்னால் இருப்பது தெரியாமல், அல்லது தெரிந்தே, மற்றப் பெண்களிடம் சொன்னார்:

"நம்ம ஆம்பளைங்களுக்குத்தான் ஓவர்டைம் இல்ல. கிராணி வீட்டுக் கக்கூசுக்கு வாராவாரம் சனிக்கிழமை ஓவர்டைம் லா!"

குழாயடி முழுவதும் சிரித்தது. திங்கட்கிழமை ஆபீசில் ஒருவன் என்னைப் பார்த்து, "என்னண்ணே, சனிக்கிழமை டூட்டி பலமோ?" என்றான்.

நான் சண்டை போடுகிறவன் அல்ல. நான் எழுதுகிறவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, சுகாதார அதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். அந்த நாளில் கொசு ஒழிப்பு என்றால் துரைமார் காது விடைக்கும். வாழை மட்டையின் இடுக்கில் மழைநீர் தங்குகிறது, அதில் கொசு முட்டையிடுகிறது, கிழங்குக் கொடியால் சாக்கடை அடைபடுகிறது, ஆகவே குடியிருப்பாளர்களின் உயிர் ஊசலாடுகிறது. மூன்று பக்கம். கையெழுத்து மட்டும் போடவில்லை. 'பொதுநலத்தில் அக்கறையுள்ள ஒருவன்' என்று முடித்தேன். மொட்டைப் பெட்டிசன் என்று ஜனங்கள் சொல்வது அதைத்தான்.

எழுதியவனுக்கு வாசகர் வேண்டும். மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நல்ல இடங்களில் நிறுத்திப் பார்த்தேன். அவள் தலைகுனிந்து புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"முருங்கைக்குமா?"

"எல்லாவற்றுக்கும்" என்றேன்.

இரண்டு வாரத்தில் மண்டோர் என்கிற மேஸ்திரி ஒருவன் நாலு ஆட்களோடு பாராங் கத்தி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். சர்க்கார் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் ஆபீசில் இருந்தேன். மனைவி சமையற்கட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தாளாம். ஒரு மரத்தில் தார் போட்டிருந்தது. அந்த அம்மாள் அதைக் கட்டிக்கொண்டு, "காய் முத்தலையே அண்ணே, பத்து நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டாராம். மண்டோர் நல்லவன்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டச் சொன்னானாம். சாயங்காலம் வந்து நான் கேட்டது, "இப்போது காற்று நன்றாக வருகிறதா?" என்பதை.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது. அன்று சனிக்கிழமைகூட இல்லை.

"கிராணி ஐயா, ஒரு பெட்டிசன் எழுதணும்."

அந்த வட்டாரத்தில் மனு எழுதுபவன் நான் ஒருவன்தான். சம்பள உயர்வு, லீவு, கூரை ஒழுகல், எதுவானாலும் லயத்து ஜனம் என்னிடம்தான் வரும். காசு வாங்குவதில்லை, புகழ்ச்சி வாங்கிக்கொள்வேன். மறுத்தால் சந்தேகம் வரும். உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு வெயில்ல தண்டவாளம் தூக்குறவரு. சாயந்தரம் வந்தா கெண்டைக்கால் இழுத்துக்கும். ரெண்டு வாழப்பழம், ஒரு கிண்ணி கீரத்தண்ணி உப்புப் போட்டுக் குடுத்தா எந்திரிச்சு நிப்பாரு. எங்கம்மா அப்படித்தான் எங்கப்பாவுக்குக் குடுத்தாங்க. அதை எழுதுங்க. சாக்கடையை நானே தெனம் வாருறேன்னு எழுதுங்க. வாராவாரம் சர்க்காரு ஆளுங்க சாக்கடையில எண்ணெய் ஊத்துறாங்களே, அப்புறம் எங்க கொசு வரும்னு கேட்டு எழுதுங்க."

அத்தனையும் நல்ல வாதம். அதை அப்படியே இங்கிலீஷில் போட்டிருந்தால் எந்த அதிகாரியும் யோசித்திருப்பான். ஆனால் நன்றாக எழுதினால் என் நடை தெரிந்துவிடும். முதல் மனுவையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவனுக்கு, இரண்டும் ஒரே பேனா என்பது விளங்கிவிடும். ஆகவே கையெழுத்தையும் மாற்றி, ஒரு மணி நேரம் பாடுபட்டு மட்டமாக எழுதினேன். கெண்டைக்காலை விட்டேன். எண்ணெயை விட்டேன். 'ஏழை, அநாதை, கருணை கூர்ந்து' என்று ஆபீசில் எவனும் இரண்டாவது வரிக்கு மேல் படிக்காத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டேன். நான் வாழ்நாளில் மிகவும் கவனமாக எழுதியது அதுதான். அவர் கைநாட்டு வைத்து, இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதில் வரவில்லை. எப்படி வரும்?

இரண்டு மாதம் போயிருக்கும். என் மனைவி மெல்ல மெல்ல ஓய்ந்துகொண்டு வந்தாள். கால் கனக்கிறது என்றாள். மாடிப்படி இல்லாத வீட்டில் கால் எப்படிக் கனக்கும் என்றேன். விடியற்காலையில் கெண்டைச் சதை முறுக்கிக்கொண்டு அழுவாள். "நெஞ்சு படபடன்னு அடிக்குது, அப்பறம் ஒரு அடி விட்டுட்டு அடிக்குது" என்றாள். காப்பியைக் குறை என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின நாள் பேதியுப்புக் குடித்திருந்தோம், அம்மிக்கு முன் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்தாள். "ஏங்க, காலு என்னோடது மாதிரியே இல்லைங்க" என்றாள். தூக்கினேன். துணி மூட்டைபோல் என்மேல் சாய்ந்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ரயில்வே டிஸ்பென்சரியின் டிரஸரைக் கூட்டிவந்தேன். வயதில் மூத்தவர்; நாற்பது வருஷம் காயத்தையும் காய்ச்சலையும் பார்த்த கத்தோலிக்கர். முதலில் பெரிபெரி என்று நினைத்து முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை, குழி விழவில்லை. சிறுநீர் சரியாகப் போகிறதா என்று விசாரித்தார். நாடியை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்காமலே எழுந்துபோய் எங்கள் சாப்பாட்டு அலமாரியைத் திறந்தார்.

"என்ன கிராணியாரே, கடை வச்சிருக்கீங்களா? ஒரே டின்னால்ல இருக்கு."

"சுத்தமானது" என்றேன்.

"பழம் ஏதாச்சும்?"

"அன்னாசி. அதோ, அந்த டின்னில்."

"அன்னாசி வெளையுற ஊர்ல டின்னுல அன்னாசியா! அடேயப்பா. கீர?"

"இல்லை."

"காய்கறி?"

"அவித்து."

"அவிச்ச தண்ணி?"

மனைவி சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"சரி. வயித்துக்கு ஏதாச்சும் மருந்து சாப்பிடுறதுண்டா?"

"பேதியுப்பு. வாரந்தோறும்."

"வாரந்தோறுமா? எவ்வளவு காலமா?"

"மூன்று வருஷம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். திட்டுவதற்கு முன் சிலர் அப்படிச் செய்வார்கள். ஆனால் திட்டவில்லை, மெதுவாகச் சொன்னார்.

"உடம்புல ரெண்டு உப்பு இருக்கு கிராணியாரே. ஒண்ணு நாம சோத்துல போடுறது. அது ரத்தத் தண்ணியில நிக்கும். இன்னொண்ணு பொட்டாசியம்னு சொல்வாங்க, அது சதைக்குள்ள இருக்கும். சதை சுருங்குறதுக்கும் விரியுறதுக்கும் ரெண்டும் அளவா வேணும். இருதயமும் சதைதான், அதை மறந்துறாதீங்க. மொத உப்பு கடையில கெடைக்கும். இந்த ரெண்டாவது உப்பு கீரையிலயும் கெழங்குலயும் பழத்துலயும் பருப்புலயும்தான் இருக்கு. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? வர்ற வழிய அடைச்சிட்டீங்க. காயில கொஞ்சநஞ்சம் இருந்ததை அவிச்சுக் கொட்டிட்டீங்க. உடம்புக்குள்ள மிச்சம் இருந்ததை வாராவாரம் பேதியில வெளியேத்திட்டீங்க. நான் டாக்டர் இல்ல, அதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மொதல்ல இதைச் சரி பண்ணுங்க. ஒரு வாரத்துல தேறலைன்னா பெரிய ஆஸ்பத்திரி."

பேதியுப்பு டப்பாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். புழுங்கலரிசிக் கஞ்சி, கீரை வெந்த தண்ணீரோடு, வாழைப்பழம், இளநீர், தோலோடு சுட்ட சர்க்கரைவள்ளி என்று சொன்னார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இதே சாப்பாடு விஷம், ஆகவே இதையும் சொற்பொழிவாக்கி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம் என்று எச்சரித்தார். என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி, "ஒண்ணுதான் எனக்குப் புரியலை. இந்தச் சாப்பாட்டுல இவங்க மூணு வருசம் எப்படித் தாங்குனாங்க? நீங்களாச்சும் ஆபீஸ் கேன்டீன்ல திருட்டுத்தனமா நல்லதா எதையாச்சும் தின்னிருப்பீங்க" என்றார்.

உண்மைதான். ஆபீஸ் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடையில் தினமும் பருப்பும் கீரையுமாக மத்தியானச் சாப்பாடு. வெளியில் சாப்பிடுவது கொள்கைக்குள் வராது என்று வைத்திருந்தேன்.

அவர் போனபின் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் மத்தியானம் லயத்துக்குப் போவேங்க. அந்த அக்கா வீட்டுக்கு. அவங்க ஒரு தட்டுல கஞ்சி, கீரை, சுட்ட கெழங்கு வைப்பாங்க. வரும்போது ரெண்டு பழம் தருவாங்க. 'தங்கச்சி, கிராணிக்குத் தெரியாமத் தின்னுட்டுப் போ'ன்னு சிரிப்பாங்க. மூணு வருசமும் அதான் சாப்பாடு."

"இப்போது?"

"நீங்க அந்தப் பெட்டிசனைப் படிச்சுக் காட்டுனீங்கள்ல, அன்னிக்கோட நிறுத்திட்டேன். தெரிஞ்சுக்கிட்டு எப்படிங்க அவங்க மொகத்தப் பாக்குறது? சொல்லவும் முடியலை. சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி. மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடியே நான் போறதை விட்டுட்டேன்."

வெட்கம் என்ற ஒன்று எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது, அது எனக்கு வரவேண்டியது, அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் காலைக் கொடுத்திருந்தாள்.

நான் பரிகாரத்துக்குப் புறப்பட்டேன். பாசாருக்குப் போய் மூன்று சீப்பு வாழைப்பழம், நாலு இளநீர், ஒரு கட்டுக் கீரை, ஒரு கூடைக் கிழங்கு எல்லாம் வாங்கி ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மூன்று வருஷம் மேசைக்கு ஆகாத பழம் மேசையை நிறைத்தது. ஒன்றை உரித்து நீட்டினேன். வாங்கினாள், ஒரு வாய் கடித்தாள், வெகுநேரம் மென்றாள், தட்டில் வைத்துவிட்டாள்.

"எறங்கலைங்க."

மறுநாள் சாயங்காலம் வாசகசாலைக்குப் போய் உடற்கூறு நூல் ஒன்றைத் தேடி எடுத்தேன். சாம்பலைச் சட்டியில் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பிலிருந்துதான் பொட்டாசியத்துக்கே பெயர் வந்தது என்று இருந்தது. வாழைமட்டையை எரித்த சாம்பலில் துணி வெளுப்பார்களே, அதே சங்கதி. இன்னொரு பக்கத்தில் ஒரு சோதனை. தவளையின் இருதயத்தை வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் வைத்தால் சிறிது நேரத்தில் சோர்ந்துவிடுகிறது; மற்ற உப்புகளோடு ஒரு துளி பொட்டாசியமும் சரியான அளவில் சேர்ந்தால், உடம்பே இல்லாமல் மணிக்கணக்கில் அடிக்கிறது; அளவு மிஞ்சினால் நின்றுவிடுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிவந்து கட்டிலோரம் நின்று, கையை ஆட்டிக்கொண்டு அத்தனையும் அவளுக்கு விளக்கினேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"தவளைக்கு எறங்கும்ங்க. எனக்கு எறங்கலை" என்றாள்.

பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவங்க கொல்லையை அழிச்சிட்டு, எனக்கு மட்டும் கூடை கூடையா வாங்கிட்டு வந்து வச்சா எப்படி எறங்கும்? போய்ச் சொல்லிட்டு வாங்க. நீங்கதான் எழுதுனீங்கன்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. குளிக்கச் சொல்வதுபோல் சொன்னாள்.

இரண்டு நாள் நான் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் கஞ்சித்தண்ணீரோடு படுத்திருந்தாள். மேசையில் பழம் கறுத்தது. நாளைக்குப் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டேன். சிறுபூச்சிகள் பழத்தைச் சுற்ற ஆரம்பித்தன. மூன்றாம் நாள் காலை அவள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கப் பார்த்தாள், பாதியில் செம்பு நழுவி விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

சாக்கடைமேல் ஒரு பலகை போட்டிருந்தது. மூன்று வருஷத்தில் நான் அதில் கால் வைத்ததில்லை. அந்த அம்மாள் வாசலில் மண்ணெண்ணெய் டின்களில் மண் நிரப்பிக் கீரை போட்டிருந்தார். டின்னில் வளர்க்கக் கூடாது என்று எவனும் இன்னும் மனு எழுதவில்லை. குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாங்க கிராணி ஐயா. பெட்டிசனுக்குப் பதில் வந்திருச்சா?"

"இல்லை. அது விஷயமாக, அதாவது அதற்கு முன்னால் அனுப்பப்பட்ட ஒரு..." ஆபீஸ் கடிதம்போல் வாய் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாஷையில் யார் எதைச் செய்தார்கள் என்று சொல்லாமலே முழுக் குற்றத்தையும் விவரிக்க முடியும்.

"மொட்டப் பெட்டிசனா? அது நீங்க எழுதுனதுதான, அதுக்கு என்ன?"

நான் பலகையிலிருந்து விழாதது ஆச்சரியம்.

"யார் சொன்னார்கள்?"

"வெட்ட வந்த மண்டோரைக் கேட்டேன், எந்தப் பாவி எழுதுனான்னு. பேரு இல்லையாம். ஆனா எழுத்து அச்சடிச்ச மாதிரி இருந்துச்சாம், துரை படிச்சுட்டு, 'என்ன அருமையா எழுதியிருக்கான்'னு மெச்சுனாராம். இந்த வட்டாரத்துல துரை மெச்சுற மாதிரி எழுத வேற ஆளு யாரு இருக்கா?"

சொல்லக் கூசுகிறது. அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது பெருமை. துரை மெச்சினாரா? எந்த இடத்தை மெச்சினார்? பிறகுதான் மற்றது வந்தது.

"தெரிந்துமா என்னிடமே எழுத வந்தீர்கள்?"

"முடிச்சுப் போட்டவனுக்குத்தானே அவுக்கத் தெரியும்?" என்றார். சிரிக்கவில்லை. "வரும்போது நல்லாத் திட்டணும்னுதான் வந்தேன். உங்க மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. அப்பறம் நீங்க உக்காந்து எழுதுனீங்களே, வேர்த்து ஊத்த ஊத்த, அடிச்சு அடிச்சு, ஒரு மணி நேரம். எங்க வீட்டுக்காரருகிட்டப் போய்ச் சொன்னேன். 'மனசுல குத்தம் இருக்கிறவன்தான் அவ்வளவு பாடுபட்டு எழுதுவான், விடு கழுதைய'ன்னாரு. சரி, மொதல்ல எழுதுனதை ரெண்டாவதுல கழுவிட்டாருன்னு நானும் விட்டுட்டேன். பதில் வராததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? துரைமாரு மனசு கல்லு."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். 'அம்மா, அந்த ஒரு மணி நேரமும் நான் என்ன செய்தேன் தெரியுமா' என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானே வந்திருக்கும். திறந்த வாயை இருமுவதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

"தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லையாமே? டிரஸர் வந்துட்டுப் போனாரே. அது ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல? மரம் போனா மனுசாளும் போயிருவாங்களா?" என்றபடி கிள்ளிய கீரை முழுவதையும் ஒரு இலையில் சுற்றிக் கொடுத்தார். "தண்ணியக் கொட்டாம வைங்க. உங்க புஸ்தகத்துல என்ன வேணா இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டு பலகையைக் கடந்தேன்.

மனைவி விழித்துக்கொண்டிருந்தாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

அவளுக்குத் தெரிந்த குற்றம் முதல் மனு ஒன்றுதான்; இரண்டாவதை நான் வேண்டுமென்றே கெடுத்து எழுதியது தெரியாது. அந்த 'எல்லாத்தையும்' என்பதற்குள் அவள் எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஒளித்துவைத்தவன் நான்.

"எல்லாவற்றையும். அவர்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கையை ஊன்றி உட்கார்ந்து, "அந்தப் பழத்துல நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றாள். தோல் கறுத்துப்போன ஒன்று, உள்ளே நன்றாக இருந்தது, அதைத் தின்றாள். இன்னொன்று கேட்டாள். நான் முதல்தடவையாக அடுப்பு மூட்டி, கீரையை வேகவைத்து, ஒரு சொட்டும் கொட்டாமல் கஞ்சியில் ஊற்றிக் கொடுத்தேன். உப்பு அதிகம். குடித்தாள். பத்தாவது நாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். மாதம் முடிவதற்குள் பலகையைக் கடந்து லயத்துக்குப் போய்விட்டாள். இந்த முறை என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த அம்மாள் அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் அங்கே இருந்தார். வாழை வைக்க அனுமதி கடைசிவரை வரவில்லை. குழாயடியில் பார்க்கும்போதெல்லாம், "பதில் வந்துச்சா ஐயா?" என்பார். "துரைமாருக்கு எங்கே நேரம்?" என்பேன். பிறகு வீட்டுக்காரருக்கு ரவாங் பக்கம் மாற்றலாகி, டின்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற அன்று என் மனைவி அழுதாள். அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றும் சொல்லலாமே என்று தோன்றியது. ரயிலுக்கு நேரமாகிறது என்று காரணம் கிடைத்தது.

என் மனைவி நலமாக இருக்கிறாள். நான் எழுதித் தமிழில் அச்சாகிற எதையும் விடாமல் படிக்கிறவள். இதையும் படிப்பாள்.